தேர்ந்து தெளிதல்

(ஊத்துக்குளியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கத்தோலிக்க வேதத்தைக் கைக்கொண்ட நம் குலத்துக் குடும்பங்களுக்குப் பயன்படுமாறு ஒரு ஞான விஷயத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். நம் சங்கத்தில் சைவ சமயத்தாரும் உளர், கத்தோலிக்கரும் உளர். ஆதலின் இருசாராரும் கேட்டுப் பயனடையத் தக்கதாகத் 'தேர்ந்து தெளிதல்' என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம். எம்மினும் கற்றோர் இச்சபையில் பலர் இருக்க, யாம் பேசத் துணிந்ததற்குக் காரணம் கல்வியன்று, ஒரு குற்றம். அதனைப் பிரசங்கத்தின் முடிவில் வெளிப்படுத்துவோம்.

ஊத்துக்குளி என்றவுடன் வெளியூரார் நினைப்பது வெண்ணெய். அவ்வியாபாரத்திற் பழகியவர் சரக்கைக் கண்ட மாத்திரத்தில் விலை சொல்லார். விரலால் தொட்டுப் பார்ப்பர், முகர்ந்து பார்ப்பர், ஐயமிருப்பின் உருக்கிப் பார்த்துப் பின்னரே வாய் திறப்பர். ஏன் இத்தனை சோதனை? கலப்படம் செய்பவன் வெண்ணெயிற் கல்லையும் மண்ணையும் கலப்பதில்லை. வெண்ணெய்போல் தோன்றுவதையே கலக்கிறான். கல்லைக் கண்டுபிடிக்கக் குழந்தையும் போதும். வெண்ணெய்போல் இருப்பதை வெண்ணெயினின்று பிரித்தறியவே பழகிய கை வேண்டும்.

ஆத்தும விஷயமும் இவ்வாறே. கொலை, களவு, விபசாரம் இவை தீயன என்று அறிய நமக்கு ஓர் ஆசிரியர் வேண்டுவதில்லை. பத்துக் கற்பனைகளே போதும். ஆனால் நன்மை போலத் தோன்றும் இரண்டு காரியங்கள் நம் முன்னே நிற்கும்போது, எது சர்வேசுரனுடைய சித்தம், எது நம் சொந்த ஆசை பக்தி வேஷம் பூண்டு வந்தது என்று அறிவதே அரிது. அவ்வறிவுக்குத்தான் தேர்ந்து தெளிதல் என்று பெயர். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இதனை இஸ்பிரீத்துசாந்துவின் வரங்களுள் ஒன்றாக எண்ணுகிறார். எல்லா ஆவியையும் நம்பிவிடாமல் அவை தேவனிடமிருந்து வந்தனவோ என்று சோதிக்கும்படி அர்ச். அருளப்பரும் தம் முதல் நிருபத்தில் எச்சரிக்கிறார். தமிழருக்கு இப்பொருள் புதிதன்று. வள்ளுவனார் 'மெய்யுணர்தல்', 'தெரிந்து செயல்வகை', 'தெரிந்து தெளிதல்' எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை நாம் அறிவோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதனை அச்சுப் புத்தகத்தின் வாயிலாகவே 400 ஆண்டுகளுக்கு மேலாகப் பயின்று வந்திருக்கின்றனர். தமிழ் எழுத்தில் அச்சான பழைய புத்தகமாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது. அதனை ஆக்கிய சேசு சபைக் குருவாகிய அண்டிரிக்கி அடிகளார் இரண்டாண்டு கழித்து, 1580-ல், கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' என்றொரு நூலை அச்சிட்டார். அது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்வோர் தம் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்ப்பதற்கு உரிய நூல். தமிழில் அச்சு தோன்றிய நாளிலேயே நம் மக்கள் கையில் கொடுக்கப்பட்ட நூல்களுள் ஒன்று தன்னைத்தான் சோதிக்கும் நூல் என்பது கவனிக்கத் தக்கது.

இக்கலையை முறைப்படுத்தி உலகுக்குத் தந்தவர் அச்சபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியார். அவர் முதலில் ஒரு போர்வீரர். 1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பம்பலோனாக் கோட்டைச் சண்டையிற் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. லொயோலாவிலுள்ள தம் வீட்டில் மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தார். பொழுதுபோக்க வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. சேசுநாதருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களுடைய சரித்திரங்களுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார்.

அப்படுக்கையில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு பெருமாட்டியின் பொருட்டுத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களை நினைக்கும்போது மனம் களித்தது. நினைவு நீங்கியபின் வறட்சி உண்டாயிற்று. அர்ச்சியசிஷ்டவர்களைப்போலத் தாமும் தவஞ்செய்வதாக நினைத்தபோதும் மனம் களித்தது. ஆனால் நினைவு நீங்கிய பின்னும் அக்களிப்பு நீங்கவில்லை. இரண்டும் நினைக்கும் வேளையில் இனித்தன. பின்னே விட்டுச்சென்ற சுவையில்தான் வேறுபட்டன. துணிக்கு ஏற்றிய சாயம் பட்டறையில் எல்லாம் ஒருபோலவே பளபளக்கும். ஒரு தண்ணீர் அலசிய பின்னரன்றோ எது நிலைக்கும் சாயம், எது போகும் சாயம் என்பது தெரிகிறது! இதுவே இக்கலையின் வித்து. மறு ஆண்டு மன்றேசா என்னும் ஊரில் அவர் செபதபத்தில் இருந்து குறித்துக்கொண்டவை பின்னர் 'ஞானப் பயிற்சிகள்' என்ற நூலாயின. அதனைப் பரிசுத்த பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-ல் அங்கீகரித்தார். இன்றும் குருக்களும் கன்னியரும் இல்லறத்தாரும் செய்யும் ஞானவொடுக்கங்கள் பலவற்றுக்கு அந்நூலே ஆதாரம்.

அதிற் கண்ட விதிகளுள் நம் குடும்பங்களுக்கு இன்றியமையாத நான்கினை மாத்திரம் ஈண்டு எடுத்துச் சொல்லுவோம்.

முதலாவது, மனம் இருண்டு வறண்டு கிடக்கும் காலத்தில், தெளிவான காலத்திற் செய்த தீர்மானத்தை மாற்றலாகாது. கன்னியர் மடத்திற் சேர்வதென்று ஓராண்டு செபித்துத் துணிந்த பெண், ஒருநாள் சலிப்பினால் 'வேண்டாம்' என்கிறாள். திருப்பூர்க் கம்பெனி வேலையை விட்டுக் குருமடத்திற் சேர்வதென்று துணிந்த பையன், சம்பள நாளன்று கூட்டாளிகளின் புதுமோட்டார் சைக்கிளைக் கண்டு தளர்கிறான். அன்று அவர்கள் எதையும் மாற்றாதிருக்கட்டும். செபத்தைச் சற்றே அதிகப்படுத்திப் பொறுத்திருக்கட்டும். மேகம் விலகியபின் பார்த்துக்கொள்ளலாம். இவ்விதி பெற்றோர்க்கும் உரியது. பிள்ளைமேல் கோபம் கொண்ட இரவில் அவனுடைய எதிர்காலத்தைத் தீர்மானஞ் செய்தலாகாது.

இரண்டாவது, மறைத்து வைக்கத் தோன்றும் எண்ணத்தைக் குறித்து ஐயங்கொள்ள வேண்டும். பெண்ணை வஞ்சிக்க வரும் தூர்த்தன், 'இதை உன் தகப்பனாரிடம் சொல்லாதே' என்றுதான் தொடங்குவான். பசாசும் அப்படியே என்கிறார் இஞ்ஞாசியார். 'இதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டுவதில்லை. மனைவிக்குத் தெரிய வேண்டுவதில்லை' என்று எந்த எண்ணம் நமக்கு உபதேசம் பண்ணுகிறதோ, அதனை அன்றைக்கே தக்க ஒருவரிடம் திறந்து சொல்லிவிட்டாற் பாதி வலிமை போய்விடும்.

மூன்றாவது, ஓர் எண்ணத்தின் முதல், இடை, கடை மூன்றையும் பார்க்க வேண்டும். சம்மனசின் ஒளியோடு வரும் தீமை நல்ல வார்த்தையோடுதான் உள்ளே நுழையும். போகப்போகத் தன் முடிவுக்கு நம்மை இழுத்துச் செல்லும். இதற்கு உதாரணம் தேடி அயல்நாடு போக வேண்டுவதில்லை. நம் நொய்யலாறே போதும். பனியன் தொழில் பெருகியபோது, 'ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குப் பிழைப்புத் தருகிறோம்' என்றோம். அது பொய்யன்று, முதல் நல்லதே. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டபோதும் அதே வார்த்தையைச் சொன்னோம், அஃது இடை. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குளமாயிற்று. வயலுக்கு உயிராக வேண்டிய நீர் வயலைக் கெடுத்தது, அது கடை. 2011-ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்ட பின்னரே பலருக்குக் கண் திறந்தது. தொழில் தீயதென்பதன்று எம் கருத்து. ஒரு நல்ல வார்த்தை முதலிலிருந்து கடைசிவரை கூடவே வந்ததால், இடையில் நின்று, 'இப்பொழுது எங்கே இருக்கிறோம்?' என்று கேட்பாரில்லாது போயினர். அதுவே குறை.

நான்காவது, ஒரு காரியத்தைத் தேர்ந்துகொள்ளுமுன் மனம் தராசுமுள்போல் இருபுறமும் சாயாது நிற்க வேண்டும். முன்னமே ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, 'சுவாமி, உம்முடைய சித்தம் ஆகட்டும்' என்று செபிப்பது செபமாகாது. அழுத்தம் இருக்கிறதா என்று அறிய அவர் இரண்டு சோதனைகள் தருகிறார். முன்பின் அறியாத ஒருவன் இதே காரியத்திற் புத்தி கேட்டால் என்ன சொல்லுவாய்? அதனை நீயே செய். மரண அவஸ்தையில் கிடக்கும்போது எவ்விதம் செய்திருக்க வேண்டுமென்று விரும்புவாய்? அவ்விதமே இன்று செய்.

இவ்விதிகள் ஏட்டிலே எளியவாகத் தோன்றும். ஒரு மனிதருடைய சீவியத்தில் எத்துணை அரியவாயின என்பதை நம் கொங்குநாட்டுச் சரித்திரமே காட்டுகிறது. கோயமுத்தூர் மறைமாவட்டத்தின் முதல் மேற்றிராணியார் மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக் என்பவர். அவர் 1813-ல் பிராஞ்சு தேசத்திற் பிறந்து, 1838-ல் குருப்பட்டம் பெற்று, 1842-ல் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே செமினாரியின் தலைவராயிருந்தார். 1846-ஆம் ஆண்டு, அவிநாசிக்கு மேற்கேயுள்ள கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். செபமாலை மாதாவின் ஆலயத்துக்குத் திருவிழாக் காலத்தில் நம்மவர் செல்லும் அதே கருமத்தம்பட்டிதான். இந்நாட்டாரே குருக்களாகி இந்நாட்டுத் திருச்சபையை நடத்த வேண்டும் என்பது அவருடைய தீராத ஆவல்.

அவரை வருத்திய கேள்வி ஒன்று உண்டு. கிறிஸ்தவர்களானோர் கைவிடாது வைத்திருந்த சாதி வழக்கங்களிலும் சடங்குகளிலும் எவை வெறும் நாட்டு வழக்கம், எவை வேதத்துக்கு விரோதம்? இதனைக் குறித்துப் பதினாலாம் ஆசீர்வாதப்பர் 1744-ல் பிறப்பித்த சாசனத்தை அனுசரிப்பதாகக் குருக்கள் சத்தியம் செய்தாக வேண்டும். ஆனால் நடைமுறையில் என்னென்ன அனுமதிக்கலாம் என்பதில் குருக்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் மிகுந்திருந்தது. கடுமை காட்டினால் ஜனங்கள் வெறுப்புற்று விலகுவர். இணங்கிப் போனால் தாம் செய்த சத்தியத்துக்கும் மனச்சாட்சிக்கும் பழுதாகுமோ என்ற அச்சம். பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் நன்மையே நிற்கிறது. ஒருபுறம் ஆத்துமங்களின் மேல் இரக்கம். மறுபுறம் சத்தியத்துக்குப் பிரமாணிக்கம்.

அவர் ஒருநாட் கோபத்தில் மேற்றிராணியார் பதவியை உதறிவிடவில்லை. ஆண்டுக்கணக்காகச் செபித்தார், உடன் குருக்களோடு ஆலோசித்தார், தெளிவான தீர்ப்பு வேண்டுமென்று ரோமாபுரிக்கு எழுதினார். தெளிவு கிடைக்கவில்லை. தெளியாத மனச்சாட்சியோடு பிறரை நடத்தத் துணியாராய், தாம் அகன்று நிற்பதே நேர்மை என்று கண்டு, தீர்மானத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் பாப்பரசரிடத்தில் ஒப்படைத்தார். 1855-ல் ராஜிநாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாற்பத்திரண்டு வயது நிரம்பாத மேற்றிராணியார், தாம் நேசித்த நாட்டை விட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பின்னர் நடந்தது என்ன? கைவிடப்பட்டவர்களுக்கு வேதம் போதிக்க வேண்டுமென்று ஆபிரிக்காவுக்குப் போக உத்தரவு கேட்டார். 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி லியோன் நகரில், பூர்வியேர் மாதா ஆலயத்தில், ஆபிரிக்க வேதபோதகச் சபையை ஸ்தாபித்தார். 1859-ஆம் ஆண்டு மே மாதம் சியேறா லெயோன் நாட்டு பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். மஞ்சட் காய்ச்சல் அவ்வூரைக் கொள்ளை கொண்டிருந்தது. ஆறு வாரத்துக்குள், ஜூன் 25-ந் தேதி, அவர் மரித்தார். உடன் சென்ற துணைவர்களும் பெரும்பாலும் மாண்டனர்.

உலகத்தார் கண்ணுக்கு இது தோல்வி. ஆனால் அவர் ஸ்தாபித்த சபை அழியவில்லை. இன்றும் வேலை செய்கிறது. அதில் இந்தியக் குருக்களும் உளர். 2020-ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவிக்க உத்தரவளித்தார். இவ்வெற்றியைக் காட்டி, 'ஆகையால் அவர் தேர்ந்தது சரி' என்று நாம் வாதிக்கவில்லை. பிரீடவுனில் கண் மூடும்போது இவற்றுள் ஒன்றையும் அவர் அறியார். பலனைக் கண்டு பின்னே தெளிவது யார்க்கும் எளிது. பலனை அறியாத நிலையிலே, தன்னலம் கலவாத மனத்தோடு, திறந்த ஆலோசனையோடு, கீழ்ப்படிதலோடு தேர்ந்தாரே, அதுதான் தெளிதல்.

இனி, எம் குற்றத்துக்கு வருவோம்.

பிறர் வழக்கத்தைக் குறித்து ஓர் அயல்நாட்டார் எட்டாண்டு நடுங்கினார். நம் சொந்த வழக்கத்தைக் குறித்து நாம் ஒரு நாழிகையாவது நடுங்கியதுண்டா? சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கூட்டம் ஒன்றில், ஒரு குடும்பத்தை விலக்கி வைப்பதென்று பேசி முடித்தோம். அவ்வீட்டுப் பையன் தன்னோடு பனியன் கம்பெனியில் வேலை செய்த வேறு குலத்துப் பெண்ணை மணந்தான். அப்பெண் ஞானஸ்நானம் பெற்றிருந்தாள், மணம் கோயிலில் முறைப்படியே நடந்தது, திருச்சபை ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தவர் நாமே. அக்குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போவதில்லை என்றோம். அன்று எழுந்து நின்று பலமாகப் பேசியவர்களுள் யாமும் ஒருவர். 'இளையோர் வழிதவறாமல் காக்கவே இதைச் செய்கிறோம்' என்று பேசினோம். பலர் கைதட்டினர். அன்றிரவு மனத்திருப்தியோடு உறங்கினோம்.

மேலே சொன்ன விதிகளை அதன் பின்னரே படித்தோம். படித்தபோது ஒவ்வொன்றும் எம்மைக் குத்தியது. முதல் என்ன? இளையோரைக் காக்கும் ஆர்வம் என்ற நல்ல வார்த்தை. இடை என்ன? தெருவிலும் டீக்கடையிலும் அக்குடும்பத்தைப் பற்றிய ஏளனம். கடை என்ன? பையனின் தாயார் மரித்தார். பிறந்த நாள் முதல் நம் வீடுகளின் பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடி வந்த அம்மாளின் பெட்டியைத் தூக்க, மகனோடு வேலை செய்யும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்தனர். யாம் அடுத்த தெரு முனையில் நின்று மணிச்சத்தம் கேட்டோம். முன்பின் அறியாத வேறு ஜில்லாக் குடும்பம் ஒன்று இதே காரியத்தில் எம்மிடம் புத்தி கேட்டிருந்தால், 'பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றன்றோ சொல்லியிருப்போம்! மரண வேளையில் எதை விரும்புவோம்? அப்பெட்டிக்குத் தோள் கொடுத்திருக்க வேண்டுமென்றே விரும்புவோம். தராசில் குலப்பெருமை என்னும் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. அதனை யாம் பக்தி என்று நினைத்தோம்.

குலச் சங்கத்தின் மேடையில் நின்று குலத்தைப் பழிக்கிறோம் என்று கருதாதீர்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதும், விதவைகளைத் தாங்குவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதும் சங்கத்தின் நல்ல வேலைகள். அவை ஓங்குக. ஆனால் 'நம் குலத்தின் நன்மைக்காக' என்ற வார்த்தை எழும்போதெல்லாம், வெண்ணெயை உருக்கிப் பார்ப்பதுபோல் அதனை உருக்கிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். வெளுத்ததெல்லாம் பாலாகாது.

அதற்குப் பழக்கம் வேண்டும். தினந்தோறும் படுக்குமுன் கால்மணி நேரம் போதும். அன்று பெற்ற நன்மைகளுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுக, தன்னை அறியும் ஒளியைக் கேட்க, காலை முதல் நடந்தவற்றை மனத்திலே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க, பிழைக்காக மனஸ்தாபப்படுக, நாளைக்கு ஒன்றைத் திருத்தத் துணிக. இஞ்ஞாசியார் வகுத்த ஆத்தும சோதனை இவ்வளவே. பெற்றோர் செய்தால் பிள்ளைகள் தாமே கற்பர். கத்தோலிக்கரல்லாத சகோதரரும் தத்தம் வழிபாட்டு முறைப்படி இதனைச் செய்யத் தடையில்லை.

சிலர் கேட்கலாம்: 'அப்படியானால் அக்குடும்பத்தைத் திரும்பச் சேர்ப்பதைப் பற்றியும் சில மாதங்கள் செபித்துத் தேர்ந்து தெளிவோமா?' இல்லை. இதனை நன்றாய்க் கவனிக்க வேண்டும். தேர்ந்து தெளிதல் என்பது நல்லன இரண்டனுள் ஒன்றைத் தேர்வதற்கே உரியது என்று அந்நூல் வரையறுக்கிறது. செய்த அநியாயத்தைத் திருத்துவதா வேண்டாமா என்பது தேர்தலுக்குரிய கேள்வியன்று; அது கடன். கடனைத் தீர்க்க ஞானவொடுக்கம் வேண்டுவதில்லை. 'இன்னும் யோசிப்போம்' என்று அங்கே சொல்லுவது யோசனையன்று, சாக்கு.

ஆகவே, அக்கிராசனாதிபதி அவர்களே, இக்கூட்டம் கலைந்தவுடன் யாம் அவ்வீட்டுக்குப் போகிறோம். எம்மை உள்ளே அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்போம். அன்று எம்மோடு கைதூக்கிய பெரியோர்களில் வர விருப்பமுள்ளோர் உடன் வரலாம். அந்தி மயங்குமுன் போய்விடலாம், தூரம் அதிகமில்லை.

சர்வேசுரன் நம்மெல்லாரையும் ஆசீர்வதித்து, நன்மையை நன்மையென்றும் அதன் சாயலைச் சாயலென்றும் அறியும் ஒளியைத் தந்தருள்வாராக.